பழைய கணினியும் சொந்த வாசலும்
(பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)

 

பரிசு பெற்ற பிள்ளைகளைப் பாராட்ட இங்கே பெரியவர்கள் பலர் இருக்கிறார்கள். நானோ, வீட்டிலே செய்து பார்க்கக்கூடிய ஒரு காரியத்தைப் பற்றிச் சில வார்த்தை சொல்ல வந்திருக்கிறேன். குறைந்த செலவில் ஒரு 'சர்வர்' அமைப்பது எப்படி? அதுதான் என் பேச்சு. நல்ல தமிழில் இதைச் சேவையகம் என்போம்.

"அதெல்லாம் பெரிய கம்பெனிக்காரங்க சமாச்சாரமாச்சே!" என்று சில பெற்றோர் நினைக்கலாம். அப்படியில்லை. சேவையகமும் ஒரு கணினிதான். மளிகைக் கடைக்காரர் கடையைத் திறந்து வைத்துக் காத்திருக்கிறார். வந்தவர் கேட்டதை எடுத்துக் கொடுக்கிறார். அதே வேலையைத்தான் இதுவும் செய்கிறது. உலகத்தின் முதல் இணையதளம் எதில் ஓடியது தெரியுமா? சுவிட்சர்லாந்தில் உள்ள செர்ன் ஆய்வுக்கூடத்தில், டிம் பெர்னர்ஸ்-லீ என்பவரின் மேசைக் கணினியில், 1990-ஆம் ஆண்டு இறுதியில் ஓடியது. அது சேவையகம், யாரும் மின்சாரத்தை நிறுத்தக்கூடாது என்று சிவப்பு மையில் எழுதி அதன்மேல் ஒட்டியிருந்தார்கள். இன்றைக்கு நம் வீட்டு மூலையில் தூசி படிந்து கிடக்கும் கணினி அதைவிடப் பல மடங்கு ஆற்றல் உள்ளது.

இது நமக்கு எதற்கு என்று கேட்பீர்கள். நம் முன்னோர்கள் தோட்டத்து லயங்களில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தார்கள். வாசலில் முருங்கை வைத்தார்கள். பின்புறம் கோழி வளர்த்தார்கள். ஆனால் வீடு தோட்டத்துக்குச் சொந்தம். தோட்டம் கைமாறியபோது, பால்மரம் போய்ச் செம்பனை வந்தபோது, எத்தனை குடும்பங்கள் மூட்டை கட்டின! இணையத்திலும் நாம் லயத்திலேதான் குடியிருக்கிறோம். பிள்ளைகள் எழுதியது, எடுத்த படம், விளையாட்டில் கட்டிய கோட்டை எல்லாம் அடுத்தவர் இயந்திரத்தில் இருக்கின்றன. ஜியோசிட்டீஸ் என்ற இலவச இடத்தில் எத்தனையோ பேர் பக்கங்கள் வைத்திருந்தார்கள். 2009-இல் யாகூ நிறுவனம் அதை மூடியது. பிரதி எடுத்து வைக்காதவர்கள் என்ன செய்வார்கள்? ஆகவே, சிறியதாக இருந்தாலும் சொந்த வாசல் வேண்டும்.

எப்படிச் செய்வது? ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

முதலாவது, கணினி. புதியது வாங்க வேண்டாம். விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாப்ட் தந்த வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. அதனால் நல்ல நிலையில் உள்ள பல கணினிகள் அலுவலகங்களிலிருந்து கழிக்கப்படுகின்றன. பழைய சாமான் கடையில் சில நூறு வெள்ளிக்குக் கிடைக்கும். 8 கிகாபைட் நினைவகம் இருந்தால் தாராளம். சுழலும் பழைய வட்டை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போட்டால் வேகம் கூடும். பழைய மடிக்கணினியும் ஆகும். ஆனால் அதன் பேட்டரி உப்பியிருந்தால் தொடவே கூடாது, பழுது பார்ப்பவரிடம் கொடுத்துக் கழற்றிவிட வேண்டும்.

இரண்டாவது, மின்சாரம். இதைக் கணக்குப் பாடமாகவே செய்யலாம். 80 வாட் எடுக்கும் பெரிய கணினி இரவும் பகலும் ஓடினால் 30 நாளில் 57.6 யூனிட். 20 வாட் எடுக்கும் சிறிய கணினி என்றால் 14.4 யூனிட்தான். விலை மலிவு என்று பெரியதை வாங்கினால் மாதா மாதம் பில்லில் கொடுக்க வேண்டும். பிள்ளைகளே, வாங்குவதற்கு முன் பெருக்கிப் பாருங்கள்!

மூன்றாவது, மென்பொருள். இதற்குக் காசே வேண்டாம். லினக்ஸ் இலவசம். 1991-இல் பின்லாந்தில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற 21 வயது மாணவர் தொடங்கிய வேலை அது. டெபியன் என்ற லினக்ஸ் வகையைப் போட்டு, அதன்மேல் அப்பாச்சி என்ற மென்பொருளை நிறுவினால் இணையப் பக்கம் தயார். கணினியை ரவுட்டருடன் கம்பியால் இணையுங்கள். வைஃபையைவிட அது உறுதி. ரவுட்டரில் அதற்கு மாறாத எண் ஒன்றைக் கொடுத்துவிட்டால், வீட்டிலுள்ள எந்தக் கைப்பேசியிலும் அந்த எண்ணைத் தட்டி உங்கள் பக்கத்தைப் பார்க்கலாம். கிவிக்ஸ் என்ற இலவச மென்பொருளைச் சேர்த்தால், தமிழ் விக்கிப்பீடியாவை இறக்கி வைத்து இணையம் இல்லாத நேரத்திலும் படிக்கலாம்.

நான்காவது, விளையாட்டு. ஆகா, இப்போதுதான் மாணவர்கள் நிமிர்ந்து உட்காருகிறார்கள்! மைன்கிராப்ட் போல் கட்டை அடுக்கி உலகம் கட்டும் லுவான்டி என்ற இலவச விளையாட்டு இருக்குது. 2024 வரை மைன்டெஸ்ட் என்று பெயர். அதைச் சேவையகத்தில் ஓட்டினால் அண்ணன், தங்கை, பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் ஒரே உலகில் சேர்ந்து விளையாடலாம். முகம் தெரியாதவர் யாரும் உள்ளே வரமாட்டார். எத்தனை மணிக்குத் திறப்பது, எப்போது மூடுவது என்பதை அம்மா அப்பாவே முடிவு செய்யலாம். பெற்றோர்களே, இது உங்களுக்கும் நல்லதுதானே?

இனி எச்சரிக்கை. வெளியுலகுக்கு உடனே கதவைத் திறந்து விடாதீர்கள். திறந்த கதவைத் தேடித் தட்டிப் பார்க்கும் நிரல்கள் இணையத்தில் எந்நேரமும் சுற்றுகின்றன. மென்பொருளைத் தவறாமல் புதுப்பிக்க வேண்டும். எளிய கடவுச்சொல் ஆகாது. இன்னொன்று: பல வீடுகளுக்குச் சேர்த்து ஒரே பொது முகவரியைத் தரும் இணைய நிறுவனங்களும் உண்டு. அப்படியிருந்தால் வெளியிலிருந்து நேராக உங்கள் வீட்டுக்கு வழி கிடைக்காது. வயர்கார்ட் வழியில் இயங்கும் டெயில்ஸ்கேல் போன்ற தனிச் சுரங்கப் பாதையைப் பயன்படுத்தினால், நீங்கள் அனுமதித்தவர் மட்டும் வரலாம். முக்கியமானவற்றுக்கு வேறொரு வட்டில் பிரதி இருக்கட்டும்.

நம் தைப்பிங்கின் மழையைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. ஈரம் ஏறாத உயரத்தில் கணினியை வையுங்கள். வானம் இருண்டதும் முறைப்படி அணைத்து, பிளக்கையும் கம்பியையும் பிடுங்கிவிடுங்கள். இடி தலைக்கு மேல் வந்த பிறகு போய்த் தொடக்கூடாது.

அன்பானவர்களே! 1885-இல் இந்நாட்டின் முதல் ரயில் நம் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்குத்தான் ஓடியது. நீளம் ஏறக்குறைய 13 கிலோமீட்டர். அதன் பிறகே பாதை நாடெங்கும் நீண்டது. தமிழ் எழுத்தைக் கணினிக்கும் கைப்பேசிக்கும் கொண்டு சென்றவர்களில் ஒருவரான முத்து நெடுமாறன் நம் மலேசியத் தமிழர். 1980-களில் அவர் தொடங்கிய முயற்சிதான் முரசு அஞ்சலாக வளர்ந்தது. சிறிய தொடக்கத்தை யாரும் இகழ வேண்டாம்.

பெற்றோர்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். பழைய கணினியை எடைக்குப் போடுவதற்கு முன் பிள்ளையிடம் ஒரு முறை கொடுத்துப் பாருங்கள். பத்து முறை நின்று போகட்டும். பதினோராவது முறை ஏன் நின்றது என்று அவனே கண்டுபிடிப்பான். அவளும் கண்டுபிடிப்பாள். அடுத்த விழாவுக்குள் நம் பிள்ளைகள் எழுதிய கதையும் கட்டுரையும் தங்கள் வீட்டுச் சேவையகத்திலிருந்து திறக்கட்டும்.