ஓட்டுநர் இருக்கையும் நம் கடமையும்

(வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

இருபத்தைந்து ஆண்டுகளில் சங்கம் செய்த பணிகளைச் செயலாளர் அறிக்கை விரிவாகக் கூறும். நமக்கு ஒதுக்கப்பட்ட பொருள் வேறு. பணியிடத்தில் நம்மவர் ஒருவர் தாக்கப்பட்டால் நாம் செய்ய வேண்டியது யாது என்பதே அது. கல்விச் சங்கத்தின் விழாவில் அடிதடியைப் பற்றிய பேச்சு எதற்கு என்று சிலர் எண்ணக்கூடும். கல்வி ஒருவரைக் கொண்டுபோய் ஓர் இருக்கையில் அமர்த்துகிறது. அவ்விருக்கையில் அவர் மானத்தோடு அமர்ந்திருப்பதற்குக் கல்வி மட்டும் போதுவதில்லை. அவர் பின்னால் ஒரு சமூகம் நிற்க வேண்டும். அதனால்தான் இதை இந்த மேடையிலேயே பேசத் துணிந்தோம்.

நம் உறுப்பினர் ஒருவர் பேருந்து ஓட்டுநர். பெயர் வேண்டா. அவருடைய தந்தையார் தோட்டத்தில் பண்ணையாளாக இருந்து முதுகு வளைந்தவர். மகனோ நம் இரவுப் பாடசாலையின் விளக்கடியில் படித்துத் தேறியவர். சில ஆண்டுகளுக்கு முன், பள்ளி விட்ட மாலை நேரம். சாலை நடுவே வண்டிகளை நிறுத்திப் பேசிக்கொண்டிருந்த இளைஞர் மூவரை விலகச் சொல்லி ஒலிப்பானை அடித்தார். அவர்களில் ஒருவன் ஏறி வந்து சட்டையைப் பிடித்து இழுத்து அறைந்தான். முதல் அடி விழுந்த பிறகுதான் கேள்வி வந்தது. “எந்த ஊரு நீ? ஊருல எந்தத் தெரு?” தெருவைக் கேட்டறிந்தபின் விழுந்த அடிகளுடன் சாதிப் பெயரும் சேர்ந்து வந்தது. பேருந்து நிறைய மக்கள் இருந்தனர்.

அன்றிரவு நம்மில் பத்துப் பேர் அவர் வீட்டிற்குச் சென்றோம். சென்று என்ன கூறினோம்? “போகட்டும், விடு தம்பி. வேலை இருக்கிறதே, அது போதும்” என்று கூறினோம். நம் பெண்கள் அவர்களுடைய தோட்டங்களுக்கும் விசைத்தறிக் கூடங்களுக்கும்தான் வேலைக்குப் போகிறார்கள். நாளை காலை அந்தப் படலைத் திறந்துகொண்டுதான் உள்ளே போகவேண்டும். அந்த அச்சம் பொய்யன்று. எனினும் நாம் அன்று ஆறுதல் என்ற பெயரில் அவருக்குக் கொடுத்தது நம் அச்சத்தைத்தான். அவர் மூன்று நாள் கழித்துப் பணிக்குப் போனார். அதே நிறுத்தத்தில் அதே இளைஞர்கள் நின்று சிரித்தார்கள்.

பின்னொரு நாள் அவர் நம்மிடம் கூறியதை மறக்க இயலவில்லை. “அண்ணா, நான் அடி வாங்கியபோது வண்டியில் நம்மூர்ப் பெண்கள் நாலு பேர் இருந்தார்கள். அவர்களில் ஒருவர் சாட்சி சொல்ல வருவார் என்று நீங்கள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், அன்றிரவே நான் புகார் எழுதியிருப்பேன்.” அவர் நம்மிடம் பணம் கேட்கவில்லை, பழிக்குப் பழி வாங்கச் சொல்லவில்லை. ஒரே ஒரு சாட்சியைக் கேட்டார். அதனை நாம் தரவில்லை. இந்தக் குற்றத்தை நம்மீது வைத்துக்கொண்டுதான் இங்கே பேசுகிறோம்.

நண்பர்களே! வண்டியின் முன்னிருக்கை நமக்கு எளிதில் கிடைத்ததன்று. 1929ஆம் ஆண்டு, பம்பாய் அரசு அமைத்த குழுவின் உறுப்பினராக, தீண்டப்படாதோர் படும் துன்பங்களை விசாரிக்கச் சென்ற அண்ணல் அம்பேத்கர், சாலிஸ்கான் என்னும் ஊரில் இறங்கினார். நிலையத்திலிருந்து நம் மக்கள் வாழும் பகுதிக்கு அவரை அழைத்துச் செல்ல எந்தக் குதிரை வண்டிக்காரனும் முன்வரவில்லை. வண்டியை வாடகைக்குத் தருகிறேன், ஓட்ட மட்டும் வரமாட்டேன் என்றான் ஒருவன். விருந்தினரை நடக்கவிடுவது மரியாதைக் குறைவு என்று கருதிய நம்மவர்கள், ஓட்டத் தெரியாத ஒருவரை வைத்தே வண்டியைச் செலுத்தினர். சிறுபாலத்தில் சக்கரம் சிக்கியது. அண்ணல் கல்தரையில் தூக்கி எறியப்பட்டார். அவர் கால் எலும்பு முறிந்தது. கடல் கடந்து சென்று பாரிஸ்டர் பட்டம் பெற்று வந்தவர் அவர். அவரைக் காட்டிலும் தான் உயர்ந்தவன் என்று ஒரு வண்டிக்காரன் நினைக்க முடிந்தது. அன்று நம் சமூகத்தில் வண்டி ஓட்டத் தெரிந்த ஒருவர் அங்கு இருந்திருந்தால் அந்தக் கால் முறிந்திருக்காது.

நம் கொங்கு நாட்டிற்கு வருவோம். 1920இல் ஜி. டி. நாயுடு அவர்கள் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பேருந்து விட்டார்கள். அதன்பின் அரை நூற்றாண்டுக் காலம் இங்குப் பேருந்துத் தொழில் தனியார் கையிலேயே பெரிதும் இருந்தது. யாருக்கு வேலை என்பது முதலாளியின் விருப்பமாக இருந்தது. 1972இல் கோவையில் சேரன் போக்குவரத்துக் கழகம் தோன்றியது. அதற்கு முந்தைய ஆண்டில்தான் தமிழகத்தில் பட்டியல் சாதியினர், பழங்குடியினர் இடஒதுக்கீடு 18 விழுக்காடாக உயர்த்தப்பட்டிருந்தது. அரசு வேலை, இடஒதுக்கீடு, பள்ளிச் சான்றிதழ் ஆகிய மூன்றும் கூடிய இடத்தில்தான் நம் பிள்ளைகள் பேருந்தின் சக்கரத்தைப் பிடித்தார்கள். 2009இல் அருந்ததியர்க்கு 3 விழுக்காடு உள்ஒதுக்கீடு வந்தது. 2024 ஆகஸ்டு 1ஆம் நாள் உச்ச நீதிமன்றம் அதனை உறுதி செய்தது.

சக்கரம் கைக்கு வந்ததால் மனங்கள் மாறிவிட்டன என்று எண்ணற்க. 1997இல் விருதுநகர் வட்டாரத்தில் புதிய போக்குவரத்துக் கழகம் ஒன்றுக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயர் சூட்டப்பட்டது. ஒடுக்கப்பட்ட குலத்தில் பிறந்த வீரனின் பெயர் எழுதிய பேருந்தில் ஏறமாட்டோம் என்று கலகம் செய்தார்கள். முடிவில் மாநிலம் முழுவதும் மாவட்டங்களுக்கும் போக்குவரத்துக் கழகங்களுக்கும் இருந்த தலைவர் பெயர்கள் அத்தனையும் நீக்கப்பட்டன. நம் சேரனும் ஜீவாவும் பேருந்திலிருந்து இறங்கியது அப்படித்தான். பேருந்தின் பக்கவாட்டில் நம்மவர் பெயரைப் பொறுக்காத சமூகம், அதன் முன்னிருக்கையில் நம்மவரைக் காணும்போது எல்லோரும் மகிழ்ந்துவிடுவர் என்று எப்படி நம்புவது?

ஆயினும் மனம் தளர வேண்டியதில்லை. பணியிடத்தில் இழிவுபடுத்தப்பட்ட ஒருவருக்காகச் சமூகம் நின்றால் என்ன நடக்கும் என்பதற்கு நம் அருகிலேயே சான்று உண்டு. 2018 ஜூலையில், அவிநாசி வட்டம் திருமலைக்கவுண்டன்பாளையம் அரசுப் பள்ளிக்குச் சத்துணவு சமைக்க நம் சகோதரி ஒருவர் மாற்றலாகி வந்தார். அவர் சமைத்தால் எங்கள் பிள்ளைகள் உண்ணமாட்டார்கள் என்று ஆதிக்க சாதியினர் திரண்டனர். அதிகாரிகள் அந்த அம்மையாரையே இடம் மாற்றினர். அடி வாங்கியவரை நகர்த்தி அமைதி காண்பதுதான் எங்கும் நடக்கும் வழக்கம். ஆனால் இம்முறை நம் அமைப்புகளும் முற்போக்கு இயக்கங்களும் தெருவில் இறங்கின. மாற்றல் ஆணை நீக்கப்பட்டது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் வழக்குப் பதிவாயிற்று. 2025 நவம்பரில் திருப்பூர் நீதிமன்றம் ஆறு பேருக்கு இரண்டாண்டுச் சிறைத் தண்டனை விதித்தது.

இங்கு ஒரு கணக்கை இளைஞர்கள் கவனிக்க வேண்டும். போராட்டம் நடந்தது சில நாள். வழக்கு நடந்ததோ ஏழாண்டு. சில நாள் கோபம் மாற்றலை நீக்கியது. ஏழாண்டுப் பொறுமை தீர்ப்பைத் தந்தது. நமக்குக் கோபம் குறைவில்லை. பொறுமைதான் குறைவு. சாலை மறியலுக்கு நூறு பேர் வருகிறோம். மூன்றாம் ஆண்டு வாய்தாவிற்குச் சாட்சியோடு பேருந்து ஏறிப் போக ஒருவர் இருப்பதில்லை. நம் துணை என்பது அந்த ஒருவரைத் தயார் செய்வதாகும்.

கடல் கடந்த நாட்டிலும் இதுவே நடந்தது. இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் கறுப்பரையும் ஆசியரையும் பேருந்துப் பணியாளராக ஏற்க மாட்டோம் என்று அந்நகரப் பேருந்து நிறுவனம் மறுத்து வந்தது. 1963 ஏப்ரலில் பால் ஸ்டீவன்சன் முதலிய இளைஞர்கள் பேருந்துப் புறக்கணிப்பைத் தொடங்கினர். நான்கு மாதங்கள் தளராது நின்றனர். ஆகஸ்டு 28இல் நிறுவனம் தடையை விலக்கிக்கொண்டது. அடுத்த மாதம் முதன்முதலாகப் பணியில் சேர்ந்த நடத்துநர் ரக்பீர் சிங், இந்தியாவில் பிறந்த சீக்கியர். கறுப்பர் தொடங்கிய போராட்டத்தின் முதற்பயன் ஓர் இந்தியருக்குப் போய்ச் சேர்ந்தது. நியாயத்திற்கு நின்றவர்கள் அதனை இழப்பாகக் கருதவில்லை.

இனி நாம் செய்ய வேண்டியவற்றை வரிசையாகக் கூறுகிறோம்.

முதலாவது, மருத்துவமனை. தாக்கப்பட்டவரை அன்றே அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். காயம் சிறிதாயினும், எவரால், எங்கு, எப்போது என்று விபத்துப் பதிவேட்டில் எழுதச் செய்ய வேண்டும். இரண்டு நாள் கழித்துக் காட்டும் காயத்தை எதிர்த்தரப்பு வழக்கறிஞர் எளிதில் கேலி செய்துவிடுவார்.

இரண்டாவது, புகார். சொல்லப்பட்ட சொற்களைச் சொன்னபடியே எழுத வேண்டும். பேருந்து என்பது பலர் காணும் இடம். அங்குச் சாதிப் பெயரால் இழிவு செய்வது 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். துணைக் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத அதிகாரி அதனை விசாரிக்க வேண்டும். அறுபது நாளில் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்ய வேண்டும். அரசுப் பேருந்து ஓட்டுநர் பொது ஊழியர் ஆவார். பணியின்போது அவரைத் தாக்குவது 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 121, 132ஆம் பிரிவுகளின்படி தனிக் குற்றம். முதல் தகவல் அறிக்கையின் நகலைக் கட்டணமின்றிப் பெறுவது புகார் தந்தவரின் உரிமை. நகல் கைக்கு வரும்வரை காவல் நிலையப் படியை விட்டு இறங்கலாகாது.

மூன்றாவது, சாட்சி. 2021 முதல் நகரப் பேருந்துகளில் மகளிர் கட்டணமின்றிச் செல்கின்றனர். நம் தாய்மார்கள் நாள்தோறும் அவற்றில் பயணம் செய்கின்றனர். கண்டதைக் கண்டபடி கூற அவர்களைப் போன்ற சாட்சிகள் வேறு எவர்? ஆனால் சாட்சிக்குச் செல்லும் நாளில் கூலி போய்விடும். அச்சட்டத்தின் 15அ பிரிவு சாட்சியின் பயணச் செலவுக்கும் பராமரிப்புச் செலவுக்கும் வழி செய்திருக்கிறது. அத்தொகை வந்து சேரும்வரை சங்கம் அந்நாள் கூலியைத் தர வேண்டும். தோட்ட வேலையை இழக்கும் பெண்ணுக்கு மாற்று வேலை தேடித் தருவதும் நம் பொறுப்பே. இதற்கென ஒரு தனி நிதி தொடங்க வேண்டும் என்பது இவ்விழாவில் நம் வேண்டுகோள்.

நான்காவது, உண்மை. சாதிச் சொல் சொல்லப்படாதபோது சொல்லப்பட்டதாக எழுதலாகாது. ஒரு பொய், பத்து மெய்யான வழக்குகளைக் கெடுக்கும். நம் ஓட்டுநர் தவறு செய்திருந்தால் அதனை நாமே அவரிடம் கூற வேண்டும். தவறு செய்தவரையும் அடிக்க எவர்க்கும் உரிமை இல்லை என்பது வேறு.

ஐந்தாவதாகக் கூறப்போவது இளைஞர்களுக்குக் கசப்பாக இருக்கலாம். படிக்கட்டில் தொங்காதே என்று கூறிய ஓட்டுநரை வைதும், நிற்கவில்லை என்று கண்ணாடியில் கல்லெறிந்தும் நம் தெருப் பிள்ளைகளும் நடந்ததுண்டு. அந்த ஓட்டுநர் எச்சாதியைச் சேர்ந்தவராயினும் விடியுமுன் எழுந்து வந்த தொழிலாளி. ஐம்பது உயிர்கள் அவர் இரு கைகளில் இருக்கின்றன. பிற சாதி ஓட்டுநர் தாக்கப்பட்ட நாளில் நாம் வாய் மூடியிருந்தால், நம்மவர் தாக்கப்படும் நாளில் அவருடைய தொழிற்சங்கத் தோழர்கள் உடன் நிற்பார்கள் என்று எவ்வாறு எதிர்பார்ப்பது? ஆகவே நம் துணை சாதிக்குச் சாதி மோதும் துணையாகிவிடக் கூடாது. தொழிலாளியின் மானம் காக்கும் துணையாக இருக்க வேண்டும்.

பெரியோர்களே! நாம் முதலில் கூறிய அந்தச் சகோதரர் இன்றும் பேருந்து ஓட்டுகிறார். இவ்விழாவிற்கு அவரை அழைத்தோம். பணி இருப்பதாகக் கூறிவிட்டார். நாம் இவ்வுரையை முடிக்கும் இந்நேரம் அவர் ஏதோ ஒரு நிறுத்தத்தில் நம் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டிருப்பார். அவருக்கு நாம் தர வேண்டிய சாட்சி காலங்கடந்து போயிற்று. அடுத்தவருக்கு அது காலங்கடக்கலாகாது. அடி விழுந்த இரவில் நம்மவர் ஒருவர் வீட்டு வாசலில் நாம் கூடி நிற்கும்போது, “விட்டுவிடு தம்பி” என்ற சொல் இனி நம் வாயில் வரக்கூடாது. “எழுது தம்பி, நாங்கள் வருகிறோம்” என்று கூறுவோம். கூறியபடியே கடைசி வாய்தா வரை செல்வோம்.

சங்கம் வாழ்க! கல்வி வளர்க!