ஆங்கிலத்தில் இறந்தகால வினா

(நமது சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



சென்ற கூட்டம் கலைந்தபின் நம் குலத்துப் பெண்ணொருத்தி நம்மிடம் வந்தாள். நர்ஸ் உத்தியோகம் பார்ப்பவள். இங்கிலாந்து செல்ல விரும்பி ஓ.ஈ.டி. என்னும் ஆங்கிலப் பரீக்ஷைக்குச் சென்று வந்தவள். அந்நாட்டு நர்ஸ்கள் கவுன்சில் 2017-ம் ஆண்டு முதல் இதனை ஒப்புக்கொண்டு வருகிறது. இதன் பேச்சுப் பகுதியில் எதிரே ஒருவர் நோயாளியாக நடிப்பார். நர்ஸ் அவரை விசாரிக்க வேண்டும். ஐந்தைந்து நிமிஷமாக இருமுறை நடைபெறும். இப்பெண், "டிட் யூ டுக் தி டாப்லெட்?" என்று கேட்டாளாம். வேண்டிய மதிப்புக் கிட்டவில்லை. "நேற்றைய சங்கதிதானே, ஐயா? 'டுக்' என்றால் என்ன பிழை?" என்று கண் கலங்கினாள்.

அவ்வொரு பிழையால்தான் அவள் தவறினாள் என்று சொல்லத் துணியோம். ஆனால் நோயாளியை விசாரிப்பதில் பெரும்பாலான வினாக்கள் கழிந்துபோன சங்கதிகளைப் பற்றியவையே. மருந்து உண்டீர்களா, இரவு உறங்கினீர்களா, வலி எப்பொழுது தொடங்கிற்று என்று கேட்குந்தோறும் அதே பிழை தலைகாட்டுமன்றோ?

இது மூடர் செய்யும் பிழையன்று. 'டேக், டுக், டேக்கன்' என்று நெட்டுருச் செய்த பிள்ளை, இறந்தகாலமென்றவுடன் 'டுக்' என்பதை எடுத்து வைக்கிறது. ஆனால் வினாவின் தலையில் நிற்கும் 'டிட்' என்னும் சொல்லே இறந்தகாலத்தைச் சுமந்து நிற்கிறது. ஒரு மூட்டையை ஒருவர் தலையில் ஏற்றியபின் மற்றவர் கைவீசி நடக்கலாம். ஆகவே பின்வரும் வினை தன் மூலரூபத்தில் நிற்கும்: "டிட் யூ டேக் தி டாப்லெட்?" "டிட் யூ ஸ்லீப்?" "வென் டிட் தி பெயின் ஸ்டார்ட்?"

இது நமக்குப் புதிதா? 'நேற்று அவன் போகவில்லை' என்கிறோம். 'போனான்' என்பது இறந்தகாலமாயினும் 'போனவில்லை' என்று நம் வீட்டுக் குழந்தை எதுவும் சொல்வதில்லை. 'இல்லை' வந்து சேர்ந்தவுடன் முன்னுள்ள வினை காலங்காட்டாத 'போக' என்னும் உருவில் அடங்கிவிடுகிறது. "ஹி டிட் நாட் கோ" என்பதிலும் 'கோ' அவ்வாறே அடங்குகிறது. இதனைச் சொன்னவுடன் அப்பெண்ணின் முகம் தெளிந்தது. பதினைந்து வருஷப் படிப்பில் இப்படி ஒருவரும் தனக்குச் சொல்லவில்லை என்றாள்.

ஆங்கிலேயரும் ஆதியில் இவ்வாறு கேட்டவர்களல்லர். 'கேம் ஹி?' என்று வினையையே முன்னே தள்ளி வினாவாக்கினர். ஷேக்ஸ்பியர் காலத்தில் (1564–1616) இரு வழக்கும் கலந்து நிலவின. 1611-ல் வெளிவந்த ஆங்கில வேதாகமத்திலும் பழைய முறையைக் காணலாம். பிற்காலத்தில் 'டிட்' நிலைபெற்றது. "யூ கேமா?" என்று நம்மூர் 'ஆ'வை ஒட்டிக் கேட்பவர்களும் நம்மிடையே உளர்; அது நண்பர்களுக்குள் இருக்கட்டும்.

இனி, கவனிக்க வேண்டிய இடங்கள் இரண்டு. யார், எது என்னும் வினாச்சொல்லே எழுவாயாயின் 'டிட்' வேண்டுவதில்லை. அப்பொழுது வினைதான் காலத்தைச் சுமக்கும். "ஹூ கேவ் யூ தி இஞ்ஜெக்ஷன்?" என்பதே சரி. ஆனால் "ஹூ டிட் யூ கால்?" என்னும்போது எழுவாய் 'யூ' ஆகையால் 'டிட்' வந்துவிட்டது. அடுத்தது 'வாஸ்': அது 'டிட்'டுடன் சேராது, தானே முன் வந்து நிற்கும். "வாஸ் இட் பெயின்ஃபுல்?" என்க. 'ஹாட்' என்பதற்கு அச்சலுகை இல்லை, "டிட் யூ ஹேவ் ஃபீவர்?" என்றே கேட்க வேண்டும்.

விடையில் மறுபடி தடுமாறுவார்கள். "டிட் யூ டேக்?" என்றதற்கு "எஸ், ஐ டேக்" என்று சொல்லும் பிள்ளைகளைக் கண்டிருக்கிறோம். விடையில் 'டிட்' போய்விட்டதால் சுமை வினைக்கே திரும்புகிறது: "எஸ், ஐ டுக் இட்." வினாவையும் விடையையும் சேர்த்தே பழக்குவது நன்று. தாய்மார்கள் ஆங்கிலம் அறிந்திருக்க வேண்டுமென்பதில்லை. தாளில் எழுதிய நாற்பது வினாக்களைப் பிள்ளையை உரக்க வாசிக்கச் செய்து, 'டிட்'டை அடுத்துவரும் வினை மூலரூபத்தில் இருக்கிறதாவென்று மூத்த பிள்ளை பார்த்தாற் போதும்.

அந்நாற்பது வினாக்களையும் அப்பெண்ணே எழுதிக் கொடுத்திருக்கிறாள். மறுமுறை பரீக்ஷைக்குப் பணமும் கட்டிவிட்டாள். அதுவரை சனிக்கிழமை மாலைகளில் நம் சங்கக் கட்டடத்திற்கு வந்து, நோயாளியாக நடிக்கும் நம் மாணவிகளை விசாரித்துப் பழக இசைந்திருக்கிறாள். நோயாளிகள் போதவில்லை, பெற்றோர்கள் அனுப்பி வைக்கக் கோருகிறோம்.