தாயுமானவர் கண்ட மௌனம்

(திருக்குடமுழுக்கு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)



குலசேகரத்தில் நின்று மௌனத்தைப் பற்றிப் பேசுவது சிறிது விந்தையான செயலே. மகாசிவராத்திரி தோறும் இவ்வட்டாரத்தின் வழியே சிவாலய ஓட்டம் செல்வதை நீங்கள் அறிவீர்கள். முன்சிறைத் திருமலையிற் புறப்பட்டுத் திருநட்டாலம் சேரும் வரை, கையில் ஓலை விசிறியும் வாயில் 'கோவிந்தா, கோபாலா' என்னும் முழக்கமுமாய்ப் பன்னிரு சிவாலயங்களை அன்பர்கள் ஓடியே தரிசிக்கின்றனர். சிவபெருமானைக் காணத் திருமாலின் நாமத்தை முழங்கிச் செல்லும் அழகு நம் நாட்டுக்கே உரியது. அருகே திற்பரப்பிலோ, நீர் பெருகிய காலத்திற் கோதையாற்று அருவியின் ஓசை கோயில் மதிலுள்ளும் கேட்கும். இத்தனை ஓசைக்கு நடுவில் ஓசையின்மையைப் போற்றிப் பாடிய ஒருவரைப் பற்றிச் சில சொல்லத் துணிகின்றேன்.

மௌனம் சைவத்துக்குப் புதியதன்று. கல்லால நிழலில் அமர்ந்து சின்முத்திரையால் நால்வர்க்கு உணர்த்திய தென்முகக் கடவுள் நம் கோயில்தோறும் எழுந்தருளியுள்ளார். அருணகிரியார்க்கு முருகன் உபதேசித்ததும் சும்மா இருத்தலே என்பர். ஆயினும் மௌனத்தையே தம் பாட்டின் பெரும்பொருளாக்கியவர் தாயுமானவர். 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், திருச்சிராப்பள்ளியில் விசயரங்க சொக்கநாத நாயக்கரிடம் அரண்மனைக் கணக்கு அலுவல் பார்த்தவர் அவர். ஓலையும் கணக்கும் வழக்குமாய் நாள்தோறும் மனிதர் வந்து மொய்க்கும் உத்தியோகம் அது. அத்தகையவர், திருமூலர் மரபில் வந்த மௌனகுருவை அடைந்து, சும்மா இருக்கும் நெறியைப் பெற்றார். பின்னர் அலுவலை விட்டு நீங்கி, இறுதியில் இராமநாதபுரத்திற் சமாதியுற்றார்.

ஈண்டு ஒரு வினா எழுகின்றது. சும்மா இருக்கக் கற்றவர் 56 தலைப்புகளில் ஆயிரத்து நானூற்றுக்கு மேற்பட்ட செய்யுட்களை ஏன் பாடினார்? பராபரக்கண்ணி மட்டுமே 389 கண்ணிகள்! அவற்றைப் படித்துப் பாருங்கள். வீடுபேறு பெற்றுவிட்டேன் என்னும் பெருமிதத்தினும், மனம் அடங்கவில்லையே என்னும் முறையீடே மிகுதி. மதயானையை வசமாக்கலாம், கொடுவிலங்கோடும் பழகலாம், மனத்தை ஓயவைப்பது அவற்றினும் அரிது என ஏங்குகின்றார்.

இம்முறையீடு யாருடையது? ஆதீனத்திற் பாடங் கேட்ட நாளில் எங்களுக்குக் கூறப்பட்ட விடை, "பிறர் குற்றத்தைத் தம்மேல் ஏறிட்டுக் கூறினார்" என்பது. ஞானியரின் புலம்பலுக்கெல்லாம் உரையாசிரியர் கூறும் சமாதானம் இதுவே. அடியேனும் பல்லாண்டுகள் அவ்வாறே பாடஞ் சொன்னேன்.

நாற்பதாண்டுகளுக்கு முன் ஒரு வித்துவ சபையில் ஓர் இளைஞர் எழுந்தார். "ஐயா, அவர் தம் மனத்தைப் பார்த்துத்தான் பாடினார் என்று கொண்டால் அவர் பெருமைக்கு என்ன குறை?" என்று பணிவாகவே வினவினார். யான் நூற்பிரமாணங்களை அடுக்கி, அவரை நகைப்புக்கு இடமாக்கி அமரச் செய்தேன். அவையோர் கைதட்டினர். அவர் சொல்லில் உண்மை இருக்கலாம் என்று அப்பொழுதே என் நெஞ்சில் ஒன்று தோன்றிற்று. கைதட்டல் அதனை மறைத்துவிட்டது.

சில ஆண்டுகளுக்கு முன் தொண்டை நோயால் நாற்பது நாள் வாய் திறவாதிருக்குமாறு மருத்துவர் விதித்தார். பேச்சே பிழைப்பாகக் கொண்ட எனக்கு அது பெருந்தண்டனை. ஆயினும், 'நன்றாயிற்று, தாயுமானவர் கூறிய மோனம் வலிய வந்தது' என்று மனத்தைத் தேற்றிக்கொண்டேன். வந்தது மோனமன்று, அன்பர்களே. வாய் மூடிய பின்னரே உள்ளே எத்துணை இரைச்சல் என்பது தெரிந்தது. சொல்லிய மறுமொழிகள், சொல்லாது விட்டவை, பெறாத பொன்னாடைகள் (நகைக்கவேண்டா, அவற்றையும் எண்ணினேன்), இவற்றிடையே அவ்விளைஞர் முகம் நாள்தோறும் வந்தது.

அந்நாட்களில் தாயுமானவரை மீண்டும் எடுத்தேன். மனம் ஒழுகும் வழியை இத்துணை நுணுக்கமாக ஒருவர் அயலார் பொருட்டு அறிந்திருக்க முடியாது. அமர்ந்து, வாய் அடக்கி, தம்முள் எழுந்ததை விலக்காது கண்டவரே அவ்வாறு பாடுவர். சித்தாந்தம் கூறும் தசகாரியத்திலும் ஆன்மரூபத்துக்கு முன் தத்துவரூபமும், தத்துவதரிசனமும், தத்துவசுத்தியும் வைக்கப்பட்டுள்ளன அல்லவா? உயிர் தன்னை அறியுமுன், தான் அல்லாதவற்றை இன்னவெனக் கண்டு கழிக்கவேண்டும். ஆரவாரத்தில் இருப்பவனுக்கு அவை தானாகவே தோன்றும். சும்மா இருந்தாலன்றி அவை வேறெனப் புலப்படா. தாயுமானவர் பாடலை அக்காட்சியின் பதிவாகவே இன்று யான் படிக்கின்றேன். மரபுரையை இகழ்வதாக எவரும் கருதவேண்டா. பெரியோர் அருளினால் பிறர்க்காகவும் பாடியிருப்பர். தமக்காகப் பாடவில்லை என்பதைத்தான் இனி என்னாற் சொல்லமுடியாது.

குரல் மீண்டதும் அந்த இளைஞரின் ஊரை விசாரித்துச் சென்றேன். அவர் தமிழாசிரியராய் இருந்து, இரண்டாண்டுகளுக்கு முன்பே இறைவனடி சேர்ந்துவிட்டார். அவர் மனைவியார் ஒரு பழைய தாயுமானவர் பதிப்பை எடுத்துக் காட்டினார். அவ்வாதத்துக்குரிய பாட்டின் ஓரத்தில், சபை நடந்த நாளும் என் பெயரும் குறித்து, யான் கூறிய விளக்கத்தை ஒரு சொல்லும் மாறாது எழுதிவைத்திருந்தார். கீழே தம் கருத்து எதனையும் எழுதவில்லை. அப்புத்தகத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு திரும்பினேன்.

தீபாராதனைக்கு மணி ஒலிக்கின்றது. அடியேன் அமர்கின்றேன்.