மீன் கணக்கும் மீனவர் கணக்கும்



மதுரையில் நின்றுகொண்டு கடலைப் பற்றிப் பேசுவது பொருந்துமா என்று உங்களில் சிலர் நினைக்கலாம். ஆனால் நல்ல மழை பெய்த ஆண்டுகளில் வைகை, ராமநாதபுரம் பெரிய கண்மாயைக் கடந்து ஆற்றங்கரை என்ற ஊருக்கு அருகே பாக் விரிகுடாவில்தான் சேர்கிறது. 1947-ல் தொடங்கிய மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் தலைமையகம் பல ஆண்டுகள் மண்டபத்தில்தான் இருந்தது; பிறகுதான் கொச்சிக்குப் போனது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் கடல்சார் ஆய்வுத் துறை புதுமடம் கடற்கரையில் இருக்கிறது. ஆகவே இந்த நாட்டுக் கடல்மீன் ஆய்வு நமக்குத் தூரத்துச் சொந்தம் அல்ல. அந்த ஆய்வை வாழ்நாள் தொழிலாக எடுக்கப்போகிறவர்களுக்கும், வேறு துறைக்குப் போகிறவர்களுக்கும் ஒரே ஒரு வாதத்தை முன்வைக்கிறேன். கடலில் மீன் எவ்வளவு இருக்கிறது என்று அறிவியல் சொல்ல முடியும். ஆனால் அதைக் காக்கும் விதியை, அந்த விதிக்குக் கட்டுப்பட்டுப் பிழைக்க வேண்டியவர்களை வெளியே நிறுத்திவிட்டு வகுத்தால், அது நிற்காது.

இதற்கு இரண்டு சான்றுகள் மன்னார் வளைகுடாவிலேயே இருக்கின்றன. 2001-ல் கடல் அட்டைகள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. புலிக்கும் யானைக்கும் உள்ள அதே பாதுகாப்பு. மூச்சடக்கி மூழ்கி அட்டை எடுத்துப் பிழைத்தவர்களின் தொழில் ஒரே அறிவிப்பில் குற்றமானது. அட்டை எடுப்பது நின்றதா என்றால், மண்டபம் பக்கத்தில் கடத்தல் மூட்டைகள் பிடிபடும் செய்தி இன்றும் வந்துகொண்டுதான் இருக்கிறது. எதிர்க்கரையில் இலங்கை உரிமம் கொடுத்து எடுக்கவிடுகிறது. சந்தை அங்கே திறந்திருக்க, தடை இங்கே மட்டும். ஆய்வுக்கும் இதில் இழப்பு உண்டு: சட்டப்படி கரைக்கே வராத ஒன்றை இறங்குதளத்தில் நின்று யாரும் எண்ண முடியாது. அதே வளைகுடாவின் தீவுகளைச் சுற்றி மரிக்கொழுந்துப் பாசி எடுக்கும் பெண்களின் நிலை வேறாக அமைந்தது. 1986-ல் 21 தீவுகள் கடல்சார் தேசியப் பூங்கா ஆனபின் அவர்களும் அத்துமீறுகிறவர்களாகத்தான் நடத்தப்பட்டார்கள். ஆனால் அவர்கள் கூடிப் பேசி, மாதத்தில் 12 நாள் மட்டுமே பாசி எடுப்பது, பாறையைச் சுரண்டும் இரும்பைத் தொடாமல் கையால் பறிப்பது என்று தங்களுக்குத் தாங்களே விதி வைத்துக்கொண்டார்கள். சின்னப்பாலத்தைச் சேர்ந்த லட்சுமி மூர்த்திக்கு 2015-ல் சீகாலஜி பரிசு கிடைத்தது இப்பணிக்காகவே. ரோந்துப் படகு தினமும் வராது; பக்கத்தில் பறிக்கும் பெண் தினமும் இருக்கிறாள்.

'இது மீனவர்களைப் புனிதர்களாக்கும் பேச்சு. கடலடியை அரித்துப்போகும் இழுவை மடியை இழுப்பவரும் மீனவர்தானே' என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. ராமநாதபுரத்தின் பாக் விரிகுடாக் கரையில் 1970-களின் மோதல்களுக்குப் பிறகு, வாரத்தில் 3 நாள் விசைப்படகு, 4 நாள் நாட்டுப்படகு என்று ஏற்பாடு வந்தது. சண்டை தணிந்தது. ஆனால் நாளைப் பங்கிட்டார்களே தவிர, படகுகளின் எண்ணிக்கையை யாரும் தொடவில்லை. படகு பெருகியது, மீனைத் தேடி எல்லை தாண்டுவதும் பெருகியது. இலங்கையின் உள்நாட்டுப் போர் 2009-ல் முடிந்து கடலுக்குத் திரும்பிய வடஇலங்கைத் தமிழ் மீனவரின் வலைகள் நம் மடிகளில் சிக்கி அறுந்தன. 2017-ல் இலங்கை இழுவை மடியைச் சட்டம் போட்டே தடுத்தது. ஊர் உடன்பாடு அமைதியைத் தரலாம். மீன் இருப்பை அது எண்ணிப் பார்க்காது. அந்த இடத்தில் அறிவியல் இல்லாமல் முடியாது. அறிவியல் தனியே போனால் என்ன ஆகும் என்பதைக் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து காட்டியது. காட் மீன் சிறுத்துப்போகிறது, கரைக்கு வரத்து குறைகிறது என்று சிறு மீனவர்கள் 1980-களிலேயே சொன்னார்கள். பெரிய கப்பல்களின் பிடிப்பு குறையவில்லை என்பதை நம்பிய கணக்கு, மீன் வளமாக இருப்பதாகவே காட்டியது. 1992-ல் பிடிப்பை முழுவதும் நிறுத்த வேண்டிவந்தது. சுமார் 30,000 பேர் வேலை இழந்தார்கள்.

'எல்லோரையும் கேட்டுக்கொண்டிருந்தால் அதற்குள் மீன் அழிந்துவிடும்' என்பது இன்னொரு மறுப்பு. சில நேரம் அது உண்மைதான். இரட்டைமடி வலையைத் தடுக்க எல்லோருடைய சம்மதத்துக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. ஆனால் கேட்காமல் போட்ட திட்டம் வேகமாக நடந்ததா என்று பாருங்கள். பாக் விரிகுடாவின் 2,000 இழுவைப் படகுகளை ஆழ்கடல் சூரைப் படகுகளாக மாற்ற 2017-ல் திட்டம் வந்தது. படகின் விலை அப்போது 80 லட்சம். அதில் 70 சதவீதம் மானியம். இவ்வளவு கொடுத்தும் அது இலக்கின் பக்கத்தில்கூடப் போகவில்லை. ஒரு நாள் போய் மறுநாள் திரும்பும் தொழிலாளி, வாரக்கணக்கில் கடலில் தங்கும் தொழிலுக்கு மாற மீதிக் கடனையும் சுமக்க வேண்டும். இதை ராமேசுவரம் துறைமுகத்தில் யாரைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார்கள்.

கடல் வரை போக வேண்டாம் என்பவர்களுக்கு நம் கண்மாய்களே போதும். கண்மாயில் மீன் பிடிக்கும் உரிமையான மீன்பாசிக்கு ஆண்டுதோறும் ஏலம் நடக்கிறது. எடுத்தவர் கட்லா, ரோகு குஞ்சு விடுகிறார். மீனைச் சீக்கிரம் பிடிக்கத் தண்ணீர் வடிய வேண்டும் என்பது அவர் கணக்கு. கடைசிப் போகத்துக்குத் தண்ணீர் நிற்க வேண்டும் என்பது ஆயக்கட்டு விவசாயியின் கணக்கு. மேலூர், கொட்டாம்பட்டிப் பக்கத்தில் ஏலம் விடாமல் வைத்து, கோடையில் ஊர்ப் பெரியவர்கள் துண்டை வீசியதும் ஊத்தாவோடும் வலையோடும் எல்லோரும் இறங்கும் மீன்பிடித் திருவிழா இன்னும் நடக்கிறது. அங்கே தண்ணீர் வற்றும் வரை ஊர் பொறுத்திருக்கிறது, ஏனென்றால் மீன் ஊருக்குச் சொந்தம். எலினோர் ஆஸ்ட்ரம் 2009-ல் பொருளியலுக்கான நோபல் பெற்றது, பொதுச் சொத்தை இப்படிக் காக்கும் ஏற்பாடுகளை உலகெங்கும் ஆராய்ந்ததற்காக. நம் பொருளியல் வகுப்புகளில் அவர் பெயர் சொல்லப்படுகிறது. கண்மாயின் மீன்பாசிக் கணக்கை யாரும் எடுத்துப் பார்ப்பதில்லை என்பதுதான் என் குறை.

ஆய்வுத் தொழிலில் உங்களை அளக்கப்போவது ஆய்விதழ்க் கட்டுரைகளின் எண்ணிக்கை. அந்த அளவுகோலை நாளையே மாற்றிவிட முடியாது. கட்டுரை எழுதாதீர்கள் என்றும் சொல்லமாட்டேன். ஆனால் நீங்கள் எழுதும் முடிவால் யாருடைய தொழில்நாள் குறையுமோ, யாருடைய வலை தடைபடுமோ, அவர்கள் அந்த இதழைப் பார்க்கப்போவதில்லை. ஆகவே பட்டம் பெறும் உங்களிடம் ஒரு வேண்டுகோள். முடிவை அச்சுக்கு அனுப்பும் முன், எந்த ஊரில் தரவு எடுத்தீர்களோ அந்த ஊர்க் கூட்டத்தில் தமிழில் படித்துக்காட்டுங்கள். அவர்கள் மறுத்துச் சொல்வதைக் குறித்துக்கொண்டு, அதற்கான பதிலையும் கட்டுரையிலேயே எழுதுங்கள்.