குடிநோயும் பரிகாரமும்



குடியைப் பற்றிப் பேச ஒருவர் மேடையேறினால், குடிகாரனை ஏசப் போகிறார் என்றே சபையோர் எண்ணுவர். எம் ஊர்களில் ஏச்சுக்கு என்றும் பஞ்சமில்லை. அதனாற் குடி குறைந்ததாகவும் தெரியவில்லை. ஆகையால் நாம் ஏச வரவில்லை. குடிக்கு அடிமையானவனை உயிருடன் மீட்கும் வழியைச் சொல்லவே வந்துள்ளோம்.

குடிப்பவர் யாவரும் நோயாளர் அல்லர். நிறுத்த வேண்டுமென விரும்பியும் நிறுத்த இயலாமை. முன்னர் போதுமாயிருந்த அளவு போதாமற் போதல். விடிந்ததும் குடித்தாலன்றிக் கைநடுக்கம் தீராமை. கமமும் உத்தியோகமும் குடும்பமும் சீர்குலைவதைக் கண்டும் விடமுடியாமை: இவையே நோயின் குறிகள். 1956 ஆம் ஆண்டிலேயே அமெரிக்க வைத்தியச் சங்கம் இதனை வைத்தியத்துக்குரிய நோயென ஏற்றுக்கொண்டது. கமக்காரன் தவறணையிற் சாராயம் அருந்தலாம். கனவான் வீட்டு விறாந்தையில் விஸ்கி அருந்தலாம். மூளை போத்தலின் விலையைப் பார்ப்பதில்லை.

இனி, இன்றைய பேச்சின் முக்கியமான விடயத்துக்கு வருவோம். சில வீடுகளில், குடிப்பவனை அறையிற் பூட்டி, ஒரு துளியும் கொடாது திருத்த முயல்கின்றனர். நல்லெண்ணத்தாற் செய்யப்படும் இக்காரியம் உயிரையே பறிக்கக்கூடும்.

துலாவை நீங்கள் அறிவீர்கள். முன்முனையில் நீர் நிறைந்த பட்டை தொங்க, பின்முனையிற் பாரம் அதனை நிறை செய்கிறது. கயிறு திடீரென அறுந்தால் துலா மேலே வீசியடிக்கும். மது மூளையின் வேகத்தை அமர்த்துகிறது. நாட்பட, மூளை அதற்கெதிராகத் தன் வேகத்தைக் கூட்டிக்கொள்கிறது. மது சட்டென நின்றதும், எதிர்வேகம் மட்டுமே எஞ்சுகிறது. சில மணித்தியாலங்களில் நடுக்கமும் வியர்வையும் தோன்றும். முதலிரு நாட்களில் வலிப்பு வரலாம். இரண்டாம் நாள் முதல் நான்காம் நாள் வரையில், இல்லாததைக் கண்டு பிதற்றும் சித்தப்பிரமை உண்டாகலாம். இதனைப் பேய்க்குற்றமெனக் கருதிக் காலங் கடத்துதல் மரணத்துக்கு வழி திறப்பதாகும்.

எனவே, நாட்தோறும் மிகுதியாகக் குடிப்பவர் வைத்தியரைக் கண்ட பின்னரே நிறுத்த வேண்டும். வைத்தியர் பதற்றத்தைத் தணிக்கும் மருந்தைக் கொடுத்து, அதனைப் படிப்படியாகக் குறைப்பார். ஞாபகசக்தியைக் காக்கத் தயமின் எனும் உயிர்ச்சத்தையும் கொடுப்பார். பின்னர் குடிவேட்கையைக் குறைக்கும் மருந்துகளும் உண்டு. அவற்றுள் நல்ட்ரெக்சோன், அக்கம்புரோசேற் என்பவற்றை உலக சுகாதார நிறுவனம் 2023 ஆம் ஆண்டில் அத்தியாவசிய மருந்துகளின் பட்டியலிற் சேர்த்தது. மருந்தோடு ஆற்றுப்படுத்தலும், குடும்பத்தாரின் துணையும் வேண்டும்.

வலிப்போ பிதற்றலோ கண்டால், 1990 என்ற இலக்கத்துக்கு அறிவித்து, இலவச நோயாளர் காவு வண்டியை அழையுங்கள். ஆலோசனை வேண்டுவோர் தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் 1927 என்ற இலக்கத்தை நாடலாம். அரசினர் வைத்தியசாலைகளின் மனநலப் பிரிவுகளுக்கும் செல்லலாம். அங்கு செல்வது மானக்கேடன்று. தாலிக்கொடி அடகு போவதும், பிள்ளையின் படிப்பு பாதியில் நிற்பதும் மட்டும் மானத்தைக் காப்பனவோ?

திருந்தியவன் மீண்டும் ஒருநாள் குடித்துவிட்டால் அவனைக் கைவிடாதீர்கள். பிடுங்கிய கோரை மறுபடி முளைத்ததென்று எந்தக் கமக்காரனும் காணியைத் தரிசாக விடுவதில்லை.

அரசாங்கத்துக்கும் ஒன்று கூறுவோம். மதுவரியாற் பெருந்தொகை ஈட்டும் அரசு, அதே மதுவால் நோயுற்றவனுக்கு அவன் ஊருக்கு அண்மையில், அவன் பேசும் மொழியில், வைத்தியம் கிடைக்கச் செய்தல் கடமை. இது நாம் இரந்து கேட்கும் சலுகையன்று.

வள்ளுவர் கள்ளுண்ணாமைக்கு ஓர் அதிகாரம் வகுத்தார். அடுத்தது சூது, அதற்கும் அடுத்தது மருந்து. கள்ளைக் கடிந்த அப்பெருமகன் மருந்தையும் மறந்தாரல்லர். நாமும் மறவாதிருப்போமாக!