ஏந்தும் உரிமையும்

 

திறவூற்று மென்பொருள் என்பது யாரும் படிக்கவும் திருத்தவும் பகிரவும் உரிமையுடைய நிரல். அதனை வளர்க்கப் புதிய கைகள் வேண்டும். அக்கைகளை ஈர்ப்பது ஏந்தா, உரிமையா என்பதே வினா.

இலினக்சு உட்கருவைப் படைத்த தோர்வால்டுசு, 2002இல் பிட்கீப்பர் என்னும் தனியுடைமைக் கருவியைக் கைக்கொண்டார். ஏந்தாக இருந்தது, இலவயமாகவும் கிடைத்தது. உடனுழைத்தோர் சிலர் அன்றே எதிர்த்தனர். 2005இல் அவ்விலவய உரிமத்தை நிறுவனம் திரும்பப் பெற்றது. கயிறு பிறர் கையிலிருப்பின் இழுப்பும் அவர் விருப்பே அன்றோ? உடனே தோர்வால்டுசு கிட் என்னும் கருவியை எழுதினார். நிரலைப் படியெடுப்பார் ஒவ்வொருவரிடமும் அதன் முழு வரலாறும் சேர்ந்தே வரும் என்பது அதன் சிறப்பு. ஒரு கணினி எரிந்துபோயினும் நிரல் அழியாது.

பரவி நிற்பதற்கென்றே பிறந்த அக்கருவிக்கு 2008இல் கிட்கப் என்னும் பெருவாயில் எழுந்தது. கூட்டம் அங்கே குவிந்தது. பைத்தன் மொழிக் குழுவினரும் தம் வழங்கியை விட்டு 2017இல் அங்குக் குடிபெயர்ந்தனர். புதியவர்க்கு வழி எளிதாக வேண்டும் என்பதே அவர்தம் நோக்கம். அதனைப் பழித்துப் பயனில்லை. 2018இல் அவ்வாயிலை மைக்ரோசாப்டு 750 கோடி தாலர் மதிப்பில் வாங்கியது.

நிரல் எங்கும் பரவிக் கிடக்கிறது, மெய்தான். ஆனால் பிழை முறையீடுகளும், ஒரு திருத்தத்தை ஏன் ஏற்றனர், ஏன் தள்ளினர் என்னும் சொல்லாடல்களும் கிட்டின் படியோடு வருவதில்லை. அவை வாயில் உடையாரின் பெட்டகத்திலேயே உறைகின்றன. திறவுகோலும் அவரிடமே. 2019இல் அமெரிக்க அரசின் தடையாணையால் ஈரான், சிரியா, கிரிமியா நிலங்களில் வாழும் நிரலர்களின் கணக்குகள் கட்டுண்டன. அவர்தம் குற்றம், வாழும் மண்ணே! ஈரானியர்க்கு அக்கட்டு 2021இல்தான் நீங்கியது.

இனி, உரிமை பேசுவோரையும் ஒன்று கேட்க வேண்டும். தம் வாயிலில் முள்வேலி வைத்துவிட்டு, வருவாரில்லையே என வருந்துவது முறையா? இலினக்சு உட்கருவுக்குத் திருத்தங்கள் இன்றும் மின்னஞ்சல் வழியே செல்கின்றன. பழகியவர்க்கு அது கைவந்த பணி, புதியவர்க்கோ மலையேற்றம்.

குனோம் குழுவினரும் தெபியன் குழுவினரும் வேறு வழி கண்டனர். கிட்லேப் என்னும் மென்பொருளைத் தம் வழங்கிகளிலேயே நிறுவி, 2018இல் அங்கு மாறினர். பொத்தானை அழுத்தித் திருத்தம் தரும் எளிமையும் உண்டு, பெட்டகமும் தம்மிடமே. பெர்லினில் கோடுபெர்க் என்னும் உறுப்பினர் கழகம் ஊதியம் கருதாது அத்தகைய இடத்தைப் பிறர்க்கும் வழங்குகிறது.

எனினும், ஒவ்வொரு வழங்கியிலும் புதுக் கணக்குத் தொடங்கும் தொல்லை உள்ளது. வழங்கிகள் அஞ்சல்போல் தமக்குள் பேசிக்கொள்ளும் வழியைக் கோடுபெர்க் பயன்படுத்தும் போர்கேயோ மென்பொருளின் குழுவினர் அமைத்து வருகின்றனர். அப்பணி இன்னும் முற்றுப்பெறவில்லை. நிரல் எழுத வல்ல கைகள் அங்குத் தேவை.