ஒரு கறிவேப்பிலை மரத்திற்காக
(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



நான் சிவில் படித்தவன். கான்கிரீட்தான் எனக்குச் சோறு போடுகிறது. அப்படிப்பட்டவன் "அங்கே கல் பதிக்காதீங்க" என்று கேட்க வந்திருக்கிறேன். சிரிப்பவர்கள் தாராளமாகச் சிரிக்கலாம்.

கல்லூரிச் சுவரை ஒட்டிய தொடக்கப்பள்ளியின் முற்றம் முழுவதற்கும் இன்டர்லாக் கல் பதித்துத் தர நம் சங்கம் யோசித்து வருகிறது. மழை பெய்தால் சேறு, பிள்ளைகள் வழுக்கி விழுகிறார்கள். எண்ணம் நல்லதுதான். ஆனால் எஸ்டிமேட்டில் ஒரு வரி: "கறிவேப்பிலை மரத்தையும் வேலியோரச் செடிகளையும் அகற்றுதல்." என் பேச்சு அந்த வரியைப் பற்றித்தான்.

லீவு கிடைக்கும் நாட்களில் அந்தப் பள்ளிக்குப் போய்வருகிறேன். பட்டாம்பூச்சியின் நான்கு பருவங்களையும் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் கடகடவென்று ஒப்பிப்பார்கள். ஒருநாள் டீச்சர் அந்த மரத்திலிருந்து ஒரு கொத்து ஒடித்துப் பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு, வாயைத் துணியால் கட்டினார்.

"டீச்சர், இலையில காக்கா எச்சம்!" என்றான் ஒரு பையன். எச்சம் நகர்ந்தது. அப்புறம் வகுப்பில் யார் உட்கார்ந்தார்கள்!

அது எலுமிச்சை அழகியின் புழு. பறவை தின்னாமலிருக்க, சின்ன வயதில் எச்சம் போலவே இருக்கும். வளர்ந்தபின் இலைப் பச்சை. தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து ஆரஞ்சு நிறத்தில் கவை ஒன்றை நீட்டி நாற்றம் விடும். தினமும் ஸ்கேல் வைத்து அளந்து போர்டில் எழுதினார்கள். ஒருநாள் அது இலையைத் தொடவே இல்லை. காய்ச்சலோ என்று பயந்துவிட்டார்கள். பிறகு பார்த்தால் பழைய தோல் ஓரமாகக் கிடக்கிறது.

அந்தப் புழு பட்டாம்பூச்சியாகிப் பறந்துபோனது. மரத்திலிருந்தே எடுத்துவந்த இன்னொரு கூட்டுப்புழு கறுத்தது, ஓட்டை விழுந்தது, எள்ளளவு குளவிகள் வரிசையாக வெளியே வந்தன. ஒரு சிறுமி அழுதேவிட்டாள். டீச்சர் மழுப்பவில்லை. "குளவிக்கும் பிள்ளை குட்டி வேணும்ல?" என்றார். அன்று அந்த வகுப்பில் நடந்த விவாதத்தை நம் செமினார் ஹாலில்கூட நான் கேட்டதில்லை.

ஸ்மார்ட் போர்டு வாங்கித் தரலாமே என்றார் ஒரு நண்பர். தரலாம், நான் விரோதியில்லை. ஆனால் அதில் புழு இருபது விநாடியில் பட்டாம்பூச்சி ஆகிவிடும். பாட்டிலில் மூன்று வாரத்துக்கு மேல் பிடித்தது. 2019-இல் தமிழ் மறவன் நம் மாநிலப் பட்டாம்பூச்சியானது; அது மலைக்காட்டுப் பூச்சி, இந்தப் பிள்ளைகள் பொது அறிவுக் கேள்வியாகத்தான் அறிவார்கள். கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது எலுமிச்சை அழகி. அதற்கு முட்டையிட அந்த மரம் வேண்டும். எருக்கஞ்செடியையும் பிடுங்கிவிட்டால் வெந்தய வரியனும் வராது.

சேற்றுக்கு வருவோம். கூரைத் தண்ணீர் மொத்தமும் முற்றத்தில் கொட்டுகிறது, வெளியேற வழியில்லை. கூரையோரம் ஒரு பி.வி.சி. குழாய், கிழக்கே லேசான வாட்டம், கேட்டிலிருந்து வகுப்பறைவரை ஐந்தடி அகலத்துக்கு மட்டும் கல். இவ்வளவு போதும், செலவும் குறையும். வரைபடம் கொண்டுவந்திருக்கிறேன், செயலாளர் அண்ணன் டீ இடைவேளையில் பார்க்க வேண்டும்.

மிச்சப் பணத்தில் என்ன வேண்டும் என்று டீச்சரிடம் கேட்டேன். முப்பது கைலென்ஸ் கேட்டிருக்கிறார்.